ஆயில் திரும்பும் குழாய்

உங்கள் ஜீப்பின் ஃபேன் பெல்ட் கத்துகிறது சார், ஸ்டேஷனுக்குள் வரும்போதே கேட்டேன். மாற்றிவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஏதாவது ஏற்றத்தில் காலை வாரிவிடும். கருங்கல் ஊரில் இருபத்தாறு வருஷமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கும் பொன்னுலிங்கம் நான். சத்தம் கேட்டால் வாய் சும்மா இருக்காது.

நீங்கள் கூப்பிடாமலேதான் வந்திருக்கிறேன். பிரதீஷ் செத்ததைப் பற்றிய உங்கள் அறிக்கையில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

பிரதீஷ் டாக்சிக்காரன். கல்ஃப் போகிறவர்களைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவான். டர்போ வைத்த டீசல் கார். என்ஜினை முழுக்கப் பிரித்து வேலை செய்ய என்னிடம்தான் விட்டான். பன்னிரண்டு நாள் பிடித்தது. முதல் ஸ்டார்ட்டுக்கு அவன் மனைவி பிந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து டயருக்கு அடியில் வைத்தாள். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் நீலப் புகையோடு வண்டி திரும்பி வந்தது.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் பார்த்தேன், நாலு சிலிண்டரும் சரியாக இருந்தன. டர்போவின் தண்டைப் பிடித்து அசைத்தேன், ஆட்டமில்லை. கடைசியில், டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கித் திரும்பும் குழாயைக் கழற்றினேன். உள்ளே முந்திரிக்கொட்டை அளவுக்குக் கறுப்பாக பேஸ்ட் அடைத்துக்கொண்டிருந்தது. மூட்டில் கசியாமலிருக்கத் தடவும் பேஸ்ட், நான் தடவியது. லாரி என்ஜினில் பழகிய கை சார் இது. பேஸ்ட் வெளியே பிதுங்கினால்தான் எங்களுக்கு நிம்மதி. அது உள்ளேயும் பிதுங்கும். லாரியின் பெரிய குழாய் அதைத் தாங்கும், காரின் சின்னக் குழாய் அடைத்துவிட்டது. திரும்ப வழியில்லாத ஆயில் காற்றோடு சேர்ந்து என்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது.

விரலால் தோண்டி எடுத்திருந்தால் தீர்ந்தது. ஆனால் பிரதீஷும் அவன் மச்சான் மகேஷ்குமாரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். மகேஷ்குமார் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

“வல்லதும் கெடச்சா அண்ணே?”

“ஒண்ணும் இல்ல மக்கா. டர்போ போச்சு, புதுசு மாத்தணும். வண்டி இங்க கெடக்கட்டு.”

அவர்கள் போனதும் எடுத்துவிடலாம் என்று குழாயை அப்படியே மாட்டினேன். பிரதீஷ் சிரித்தான்.

“வேண்டாம் அண்ணே. ஒங்களுக்குத் தொழில் மறந்து போச்சு. நாளைக்கு நாகர்கோவில்ல கழட்டிப் பாக்கட்டும்.”

இருபத்தாறு வருஷத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. வேறொருவன் அந்தக் குழாயைக் கழற்றி, பேஸ்ட்டைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பான் என்று நினைத்ததில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு பிரதீஷின் போன் வந்தது. பிந்துவையும் ஏற்றிக்கொண்டு, அவளைச் சிதறாலில் அவள் அம்மா வீட்டில் இறக்கிவிட்டு நாகர்கோவில் போகலாமென்று கிளம்பியிருக்கிறான். பாதி ஏற்றத்தில் வண்டி நிற்கிறது.

“அண்ணே, எஞ்சின் தன்னால எரையுது. சாவிய உருவியாச்சு, நிக்கமாட்டங்கு.”

தன் ஆயிலையே குடித்து ஓடுகிற டீசல் என்ஜின் சாவிக்கு அடங்காது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அமுக்கி மிதித்துக்கொண்டு கிளச்சை விட்டால் அணைந்துவிடும். லாரியில் நானே நாலு தடவை அப்படி நிறுத்தியிருக்கிறேன். சொல்ல ஐந்து விநாடி போதும்.

“நீ சீட்டிலயா இருக்க?” என்று கேட்டேன்.

“ஆமா அண்ணே.”

சீட்டில் இருந்தால் அவனே யோசித்துக் கியரில் கைவைப்பான், அவனும் ஓட்டுநர்தானே. என்ஜின் வெடித்துச் சிதறிவிட்டால் குழாயை யார் தேடப்போகிறார்கள்.

“பயப்படாண்டாம் மக்கா. எறங்கி பானெட்டத் தொற. பொகை எங்கேருந்து வருதுன்னு நல்லா குனிஞ்சு பாத்துச் சொல்லு. பிந்துவ தூரப் போகச் சொல்லு.”

பிந்துவைத் தூரப் போகச் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் ஈரமில்லாதவன் இல்லை.

போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இரைச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. கனெக்டிங் ராடு முறிந்து என்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வருகிற சத்தம் எனக்குப் பழக்கம். கொதிக்கிற ஆயில் அவன் மேல் விழுந்திருக்கும், பிறகு தீ. அவன் ஒரு தடவைதான் கத்தினான்.

சாவு வீட்டில் பிந்து வந்தவர்களிடமெல்லாம், “கடைசிவரைக்கும் அண்ணன்தான் போன்ல இருந்தாவ” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அது பொய்யழுகை இல்லை.

எல்லாம் எரிந்தும் அந்தக் குழாய் மட்டும் மிஞ்சிவிட்டது. உங்கள் ஆட்கள் பேஸ்ட்டைக் கண்டுபிடித்து, ‘மெக்கானிக்கின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து’ என்று எழுதிவிட்டார்கள். நேற்றிலிருந்து கருங்கல் சந்தை முழுக்க அதே பேச்சு. அந்த வரியை வெட்டுங்கள். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தொழில் தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள் சார்.