பவர் போகும் பக்கம்

“கரண்ட் திரும்பாது அப்பா. வோல்டேஜைத்தான் தலைகீழா மாத்துவினம். அப்ப பவர் மற்றப் பக்கம் போகும்.”

மயிலிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மீனவரும் பொறியியலாளரான அவர் மகளும் இருந்தார்கள்.

“மற்றப் பக்கமெண்டா?”

“இந்தியாவுக்கு. கடலுக்கடியாலை போடப்போற கேபிளிலை ரெண்டு பக்கமும் அனுப்பலாம். எங்கடை காற்றாலையிலை மிஞ்சினா அங்கை போகும்.”

“காலமை ஊர்க் கூட்டத்திலை, கரண்ட் இஞ்சை மட்டும்தான் வருமெண்டு சொன்னியே, பிள்ளை?”

“அப்பிடிச் சொல்லச் சொல்லித்தான் மேலதிகாரியள் என்னை அனுப்பினவை.”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“சனம் நம்பேல்லை. நான்தான் எழும்பி, என்ரை பிள்ளை பொய் சொல்லாதெண்டு சொன்னன். அதுக்குப் பிறகுதான் எங்கடை கடலாலை கேபிள் போக எல்லாரும் ஓமெண்டவை.”

“கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். தலை நிமித்த ஏலாமல் இருந்தது.”

“எனக்கு இப்ப ஏலாமல் கிடக்கு.”

கொக்குவிலில் மகள் எழுந்து மணியடித்தாள்.

“எங்கை போறாய்?”

“திரும்பி மயிலிட்டிக்கு. அவையளிட்டை நானே உண்மையைச் சொல்லுறன். நீங்கள் வர வேண்டாம்.”

 ஆனாலும் அவர் அவள் பின்னாலேயே இறங்கினார். பஸ் நகர்ந்தபோது இருவரும் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்.