பள்ளி வாசலை மறித்தவன் பேசுகிறேன்

விழாவுக்குத் தலைமை ஏற்று, என்னைப் பேச அழைத்த பாவத்தையும் சேர்த்து ஏற்றிருக்கும் தலைமையாசிரியை ராஜலட்சுமி அம்மையார் அவர்களே! புதிய வகுப்பறைகளைத் திறந்து வைத்த ஊராட்சித் தலைவர் வெங்கடப்பன் அவர்களே! வெயிலைத் தலையிலும் பிள்ளையை இடுப்பிலும் தாங்கி நிற்கும் தாய்மார்களே! பந்தல் ஒன்றாக இருந்தும் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரிந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் சிவராஜ். ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அங்கே தொழிற்சங்கப் பேச்சாளன். கம்பெனி கேட்டில் நின்று, “உழைக்கும் கைக்கு ஏது சாதி? ஓடும் ரத்தத்துக்கு ஏது சாதி?” என்று நான் முழங்கினால், ஷிப்டு முடிந்தவர்கள் பாகலூர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள். என்னோடு வேலை பார்க்கும் மாரிமுத்து, அங்கே உட்கார்ந்து சிரிக்காதே. உண்மையாகவே கேட்டார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், இரண்டாயிரத்து நான்கு ஜூன் மாதம். மழையில் காலனிப் பள்ளியின் கூரை சரிந்தது. அங்கே படித்த பதினொரு பிள்ளைகளும் இனி இந்தப் பள்ளிக்கே வரலாம் என்று உத்தரவு வந்தது. ஊர் கூடியது, கொதித்தது. வாசலில் நின்று மறிக்க வாயுள்ள ஆள் வேண்டும் என்றது. வாய்க்கு அவர்கள் வேறெங்கே போவார்கள்? பெற்றோர் சங்கத் தலைவன் நான் இருக்கிறேனே!

மறித்தேன். கம்பெனிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் மறித்தேன்! பதினொரு பிள்ளைகள் கைகோத்து வந்தார்கள். முன்னால் வந்தவள் சுஜாதா, நாலாம் வகுப்பு, ஒன்பது வயது. என் சீருடையைப் பார்த்து அதிகாரி என்று நினைத்துவிட்டாள்.

“சார், மணி அடிச்சிட்டாங்க. கொஞ்சம் நவுருங்க சார்.”

நகர்ந்தேனா? இல்லை! என் முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ சேற்றை வீசினார்கள். துவைத்துப் போட்ட அவள் சட்டையில் அப்பியது. திரும்பி, “யாரடா அது?” என்று கேட்டேனா? அதுவும் இல்லை! அம்மையார்தான் ஓடிவந்து, பிள்ளைகளைச் சுற்றி அழைத்துப்போய், பின்சுவரின் இடிந்த பிளவு வழியாக உள்ளே ஏற்றினார்.

சுஜாதாவின் தந்தை கந்தன் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெஷின். ஆறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் நாங்கள். மறுநாள் கேன்டீனில் தட்டோடு எழுந்தான்.

“சிவராஜு, மெஷின்ல உங்கையும் எங்கையும் ஒண்ணாத்தான் ஓடுது. பள்ளிக்கூடத்துல எம்புள்ள காலு பட்டா மட்டும் தீட்டா?”

வேறு மேசைக்குப் போனான். இன்றுவரை திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தால் என் மனைவி பவளம் வாசலிலேயே கேட்டாள்: “சமத்துவத்தயும் கம்பெனிலயே பஞ்ச் அடிச்சு வெச்சிட்டு வந்துட்டீங்களா?” சிரியுங்கள் தாய்மார்களே, நன்றாகச் சிரியுங்கள். அன்றைக்கு எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் காலையில் என் மகள் வீரலட்சுமியைக் காணவில்லை! பதறி ஓடினேன். எங்கே இருந்தாள்? அதே பிளவு வழியாக ஏறி, சுஜாதாவின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். புளியங்குச்சியை ஓங்கினேன்.

“வர மாட்டேன்ப்பா! நான் ஏழாம் வாய்ப்பாட்டுலயே நிக்கறேன். அவ பன்னெண்டுக்குப் போயிட்டா!”

வகுப்பே சிரித்தது. குச்சியும் கையுமாக வீடு திரும்பினேன். தலைவனின் மகளே போன பிறகு யார் கேட்பார்கள்? ஒவ்வொரு பிள்ளையாகத் திரும்பியது.

உடனே சிவராஜ் திருந்திவிட்டான் என்று கைதட்டாதீர்கள். தட்டிய கை கூசும்! அந்த ஆண்டு முழுவதும் சத்துணவுக்குக் காலனிப் பிள்ளைகள் தனியே உட்கார்ந்தார்கள். பானையைத் தொட அவர்களுக்கு அனுமதியில்லை. குனிந்து கையேந்த, மேலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். கணக்கில் முந்தியவள் தாகத்துக்குக் கையேந்தி நின்றாள். என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? பெற்றோர் சங்கக் கூட்டப் பதிவேட்டில் ‘அனைத்தும் சுமுகம்’ என்று எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டேன்!

இன்று திரை விலக்கிய கல்வெட்டில் ‘பள்ளியின் வளர்ச்சிக்கு அயராது உழைத்த சிவராஜ்’ என்று பொறித்திருக்கிறார்கள். உழைத்தது யார்? சேறு காய்ந்த சட்டையோடு மறுநாளும் வந்தது யார்? யாரும் பேசாத வகுப்பில் விடாமல் கை தூக்கியது யார்? அந்தப் பதினொரு பேர்! தலைவர் அவர்களே, என் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு அவர்கள் பெயரைப் பொறியுங்கள். கொத்தனாரை நானே அழைத்து வருகிறேன்.

சுஜாதா, எழுந்து நிற்காதேம்மா, உட்கார். நிற்க வேண்டியவன் நான். ஊர் சொல்லிச் செய்தேன் என்று தப்பிக்க மாட்டேன். மறித்தது நான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுக்க முடியாமல் இப்போது எழுந்துபோகும் முன்வரிசைப் பெரியவர்களுக்கும் என் நன்றி. பார்த்துப் போங்கள் ஐயா. வணக்கம்!