மிளகு மண்டி மர்மமும் வெளிவராத இரண்டாம் தட்டும்

ஆரியசாலை தமிழ் வணிகர் சேமிப்புச் சங்கத்தின் கணினிப் பிரிவுத் தலைவர் திரு. வெங்கடகிருஷ்ணன் அவர்கள் பணி நிறைவு பெறும் 31.5.2007 அன்று அளிக்கப்பட்ட பாராட்டு மடல்

கரமனை ஈந்த கணினிக் கோவே! ஆரியசாலைக் கணக்குகளை அல்லலின்றி ஆண்ட அண்ணலே! பேரேடுகளின் பெருஞ்சுமையைப் பெட்டிக்குள் பூட்டிய பேராளரே! பத்தொன்பது ஆண்டுகளில் பதினெட்டே நாள் விடுப்பெடுத்து, அவற்றிலும் பன்னிரண்டு நாள் அலுவலகத்துக்கே வந்து அமர்ந்திருந்த அருங்குணக் குன்றே!

இவ்வாறு இன்னும் இரண்டு பக்கம் விளிக்க எங்களால் இயலும். ஆனால், நேருக்கு நேர் புகழ்ந்தால் எங்கள் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார்; புகழ்ச்சி முடியும்வரை மாட்டமாட்டார். கண் தெரியாத ஒருவரை வெகுநேரம் உட்கார்த்தி வைப்பது முறையன்று. ஆகவே அவர் இங்கே இல்லை என்றே பாவித்து, இனி 'அவர்' என்று சொல்லிச் செல்கிறோம். இல்லாதவராக இருப்பது அவருக்குப் பழக்கமானதுதான். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் நாங்கள். அதை ஒப்புக்கொள்வதே இம்மடலின் நோக்கம்.

வற்றல் மிளகாய்க் கடைக்கு மேலே, படியேறி வருகிறவர் இரண்டு முறை தும்மிவிட்டு நுழைய வேண்டிய இந்த மாடிக்கு, 1988-இல் அவர் வந்தார். கணினி வந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சியிருந்த எங்கள் மூத்தவர்கள், வந்தபின் வேலை இரட்டிப்பானதைக் கண்டு நிம்மதி அடைந்தனர். சங்கத்தின் வரவு செலவு முழுவதற்கும் அவர் ஒருவரே நிரல் எழுதினார். அது இன்றுவரை ஒருநாளும் தவறாகக் கூட்டியதில்லை. எங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இது சம்பளத்துக்குச் செய்த வேலை. சம்பளமில்லாத வேலை ஒன்றும் அவருக்கு இருந்தது. வீட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில், யாரும் கேட்காமலே எதையாவது செய்துகொண்டிருப்பார். கரமனைப் பாலத்துக்கு எந்த பஸ் எப்போது வரும் என்று சொல்லும் நிரல் ஒன்று செய்தார். நிரலில் குற்றமில்லை, பஸ்கள்தாம் அதைப் படித்திருக்கவில்லை. மேலிருந்து விழும் இட்லிகளின் மேல் உள்ள எழுத்தைத் தட்டினால் இட்லி தட்டில் சேரும் என்று தமிழ்த் தட்டச்சு விளையாட்டு ஒன்று செய்தார். ஒவ்வொன்றின் முதல் திரையிலும் ஒரே வாசகம் இருக்கும்: 'பிடித்திருந்தால் ஐந்து ரூபாய். பிடிக்காவிட்டால் ஏன் என்று ஒரு வரி.'

"எதுக்கு சாரே இந்தப் பாடெல்லாம்?" என்று எங்கள் ஹரிகுமார் ஒருமுறை கேட்டான். கணினிகளைப் பழுது பார்ப்பவன், அவருடைய ஒரே உதவியாளன்.

"ஆபீஸ் வேலை, ஒருத்தர் கேட்டதனால செய்யறது. இது, செஞ்சு வெச்சா ஒருத்தராவது கேக்க மாட்டாளான்னு செய்யறதாக்கும்" என்றாராம்.

அப்படிச் செய்தவற்றில் தலையாயது, 2002-ஆம் ஆண்டு ஓணத்துக்கு வெளிவந்த 'மிளகு மண்டி மர்மம்' என்னும் குறுந்தட்டு. எட்டுப் பாகங்கள் கொண்ட ஒலிக்கதை. ஆரியசாலையில் ஒரு மிளகு மண்டி முதலாளி, பூட்டிய கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே இறந்து கிடக்கிறார். கதையில் பதினொரு பேர். முதலாளியின் மனைவி, மைத்துனன், கணக்கப்பிள்ளை, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி, இரு தரகர்கள் உட்பட பதினொருவருக்கும் குரல் அவரே. வீட்டில் வேறு ஆள் இல்லை. ஜன்னலை அடைத்து, பஸ் சத்தம் கேளாதிருக்கக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மே மாத மதியங்களில் பதினொரு பேராகப் பேசினார். எட்டாம் பாகத்தின் முடிவில் துப்பறிபவர், "கொன்றவர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்கிறார். மழை பெய்கிறது. 'மிச்சம் இரண்டாம் தட்டில்' என்று முடிகிறது.

விலை இருபத்தைந்து ரூபாய். கடையில் சினிமாப் பாட்டுத் தட்டு அப்போது முந்நூறு. கிழக்கேக் கோட்டை நடைபாதையில் அதே பாட்டுகள் திருட்டுத் தட்டில் நாற்பது. முந்நூறுக்கு விற்கிறவன் எல்லாரையும் கள்ளனாக்குகிறான், நாற்பதுக்கு விற்கிறவன் தானே கள்ளன், நடுவில் நியாயமாக ஒரு விலை சொன்னால் ஜனங்கள் நியாயமாகவே நடப்பார்கள் என்பது அவர் கட்சி. ஒரு மசால் தோசையும் ஒரு காப்பியும் என்ன விலையோ, எட்டுப் பாகத்துக்கும் அதுதான் விலை.

நகல் எடுக்க முடியாதபடி பூட்டு ஒன்று போட்டுவிடலாம் என்றான் ஹரிகுமார்.

"பூட்டு போட்டா, காசு கொடுத்து வாங்கினவனையாக்கும் நாம கள்ளன்னு சொல்லறது. அவன் என்ன பாவம் பண்ணினான்?" என்று மறுத்துவிட்டார்.

கையில் கொடுத்து விற்கவும் மறுத்தார். ஆபீஸில் நீட்டினால் மரியாதைக்கு வாங்குவார்கள். மரியாதைக்கு வாங்கினவன் கேட்டானா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஆகவே மணியார்டர் அனுப்பினால் மட்டுமே தட்டு. மணியார்டர் தாளின் அடியில் சேதி எழுத நாலு விரற்கடை இடம் உண்டல்லவா? அவருக்கு வேண்டியிருந்தது அந்த நாலு விரற்கடைதான்.

ஐந்து ஆண்டுகளில் ஒரு மணியார்டர் வந்தது. எங்கள் சங்க நூலகம் அனுப்பியது. சேதிக்கான இடம் காலி.

இதுவரை அவர் அறிந்தது. இனி அவர் அறியாதது.

நூலகச் சாவி, எங்கள் அலுவலக உதவியாளர் திரவியம் வசம் இருக்கிறது. இங்கே நாளிதழ் ஒன்று வாங்கினால் இருபத்திரண்டு பேரும் படிப்போம். பஞ்சாங்கம் ஒன்று வாங்கினால் இருபத்திரண்டு வீட்டுக் கல்யாணமும் அதில் நடக்கும். 'ஆபீஸுக்கு ஒண்ணு' என்பது எங்கள் குலதர்மம். அந்தத் தர்மப்படி, தட்டு வந்த ஐந்தாம் நாள் அது இருபத்திரண்டு கணினிகளிலும் இருந்தது. ஐந்து காசு வித்தியாசத்துக்காக மூன்று நாள் வீட்டுக்குப் போகாத எங்கள் தலைமைக் கணக்கர் பகவதியம்மாள், வித்துராவிலுள்ள தங்கைக்கு ஒரு நகல், தங்கையின் நாத்தனாருக்கு ஒரு நகல் என்று அனுப்பியதாக இப்போது ஒப்புக்கொள்கிறார்.

நாங்கள் அதைக் கேட்டோம். மதிய உணவோடு கேட்டோம், மாதக் கடைசிக் கணக்கோடு கேட்டோம். கொன்றது மைத்துனன் என்போரும் கணக்கப்பிள்ளை என்போரும் ஓராண்டு ஒரே மேசையில் உண்ணவில்லை. ஆனால் இரண்டாம் தட்டு எப்போது என்று அவரிடம் போய்க் கேட்பது எப்படி? முதல் தட்டைக் கேட்டாயா என்பார். கேட்டேன் என்றால், எந்தத் தட்டில் என்பார். ஆகவே வாயைத் திறக்கவில்லை. அவர் அறைக்குள் வந்தால் உடனே திரையில் அதை மூடுவோம், காதிலிருந்து கழற்றுவோம், பேச்சை நிறுத்துவோம். இருபத்திரண்டு பேரும் ஒரே நொடியில். அதில் நல்ல பயிற்சி பெற்றோம்.

அவர் எங்களிடம் வருவதைக் குறைத்துக்கொண்டார். 2003 வாக்கில் தம் சோற்றுப் பாத்திரத்தை சர்வர் அறைக்குக் கொண்டுபோனார். அங்கே குளிர்சாதனம் இருப்பதால் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அப்படி எண்ணுவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

சென்ற வியாழக்கிழமை அவர் ஹரிகுமாரைக் கூப்பிட்டார்.

"ஹரி, என் மெஷீனை நாளைக்கு ஒட்டுக்கத் துடைச்சுரு. புது ஆளுக்கு வேணும்."

"சாரே, இதிலே 'இரண்டாம் தட்டு'ன்னு ஒரு ஃபோல்டர் உண்டே?"

"அதும் போட்டும்."

"வீட்டிலே வேற காப்பி உண்டோ?"

"இல்லை. எதுக்கு? மொதல் தட்டையே ஆரும் கேக்கலை." கண்ணாடியைக் கழற்றினாராம். "நான் இந்த ஆபீஸ்ல என்ன தப்பு பண்ணினேன்னு மட்டும் தெரியலைடா. உள்ள வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்தறா. ஸ்கிரீனை மூடறா. சரி, என்னைப் பத்தித்தான் ஏதோ பேசிண்டிருக்கான்னு நான் அந்தண்டை போயிடறது. நாலு வருஷமாச்சு."

ஹரிகுமார் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். தும்மலால் கண் கலங்கியது என்று எங்களிடம் சொன்னான்.

அன்று மாலை இருபத்திரண்டு பேரும் கூடினோம். ஃபோல்டர் ஹரிகுமாரின் கையில் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும். ஐந்து ஆண்டுப் பசி. பகவதியம்மாள்தான், "அதத் தொறந்தா ஆம்பிளயானாலும் பொம்பிளயானாலும் கைய ஒடிச்சுருவேன்" என்றார். திறக்கவில்லை. மெஷீனையும் துடைக்கவில்லை. அதற்குப் பதிலாக இம்மடலை எழுதினோம்.

ஐயா, ஒருவரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இந்தப் படியிறங்கிப் போய்விடாதீர்கள். நாங்கள் கேட்டோம். காசு கொடுக்காமல் கேட்டோம் என்பது சிறிய குற்றம். கேட்டதாகச் சொல்லாமல் கேட்டோம் என்பதே பெரிய குற்றம்.

*

இவ்விடம்வரை விழாவில் வாசிக்கப்பட்டது. அடுத்திருந்த வாழ்த்துப் பத்தியை வாசிக்க அவர் விடவில்லை. நடந்ததை, மடலுக்குச் சட்டம் போடுமுன் அதன் இடத்தில் சேர்த்திருக்கிறோம்.

அவர் எழுந்து நின்றார். கழுத்தில் மாலை, கையில் கண்ணாடி.

"எல்லாருமா?" என்றார்.

யாரும் பேசவில்லை. பழக்கதோஷம்.

"எட்டாம் பாகத்துல மழை பெய்யறதே. அது மழையில்லை. அப்பளம் பொரிக்கற சத்தமாக்கும்."

"அது நமக்குத் தெரியும் சாரே," என்றார் பின்வரிசையிலிருந்து திரவியம். "நடுவுல ஒரு கரண்டி தாழ விழுந்ததும் தெரியும்."

அவர் சிரித்தார். பத்தொன்பது ஆண்டுகளில் நாங்கள் கேட்டிராத சிரிப்பு அது. கதையில் தரகர்களில் இளையவர் சிரிப்பதுபோல் இருந்தது. பிறகு ஹரிகுமாரைப் பார்த்தார்.

"நீ அந்த ஃபோல்டரைக் கேட்டியாடா?"

"இல்ல சாரே."

"ஏன்?"

"அதுக்கு சார் இன்னும் விலை இட்டில்லல்லோ."

கொஞ்சநேரம் கண்ணாடியைத் துடைத்தார். அதற்குள் பகவதியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "அதெல்லாம் இருக்கட்டும் சார். மொதலாளியக் கொன்னது ஆரு? அதச் சொல்லுங்க. அஞ்சு வருசமா எனக்குச் சோறு எறங்கல்ல."

"எனக்குத் தெரியாது."

"வெளையாடாதீங்க சார்."

"சத்தியமா. இரண்டாம் தட்டுல அஞ்சு பாகம் ரெக்கார்ட் பண்ணினேன். ஆறாவதுல ஆருன்னு சொல்லணும். மைக் முன்னாடி உக்காந்தேன். ஆருக்குச் சொல்லறோம்னு தோணித்து. நிறுத்திட்டேன்." மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "நீங்க ஆருன்னு நெனைச்சேள்?"

அதன்பின் விழா என்று ஒன்று நடக்கவில்லை. மைத்துனன் கட்சி ஒரு பக்கம், கணக்கப்பிள்ளை கட்சி ஒரு பக்கம். கிடங்குச் சாவி இரண்டு இருந்ததை நாலாம் பாகத்தில் அவரே சொல்லிவிட்டார் என்று திரவியம் மேசையைத் தட்டினார். அந்த மனைவி நாலாம் பாகத்துக்குப் பிறகு அழவேயில்லை, அதை ஆம்பிளைகள் யாரும் கவனிக்கவில்லை என்றார் பகவதியம்மாள். எங்கள் சார் திகைத்துப்போய், தாமும் கவனிக்கவில்லை என்றார். சங்கத் தலைவர் சால்வையோடு அரைமணி நேரம் நின்றார். பிறகு அவரும் உட்கார்ந்து, சுமட்டுத் தொழிலாளிதான் என்று குறிப்பிட்டார். வடை ஆறியது. எங்கள் சார், அழைப்பிதழின் பின்புறத்தில் ஒவ்வொருவர் சொன்னதையும் பெயரோடு எழுதிக்கொண்டார். இடம் போதாமல் இன்னொன்று கேட்டு வாங்கினார். ஒரே கூரையின்கீழ் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவரோடு நாங்கள் பேசியது, கணக்குப் பார்த்தால், அன்றைய இரண்டரை மணி நேரம்.

பிறகு அவர் படியிறங்கிக் கரமனை பஸ்ஸுக்குப் போனார். சர்வர் அறையில் இப்போது யாரும் சாப்பிடுவதில்லை. அறைக்குள் யார் வந்தாலும் யாரும் பேச்சை நிறுத்துவதும் இல்லை. வர வேண்டியவர் வருவதில்லை, அவ்வளவே.

ஐயா! பணி நிறைவு பெற்றவருக்கு நெடிய ஆயுளும் நிறைந்த நலமும் வேண்டுவது எல்லா மடல்களுக்கும் கடமை. எங்களுக்கு அதில் தன்னலமும் உண்டு. இரண்டாம் தட்டின் ஆறாம் பாகம் முடியும்வரை தங்களுக்கு ஜலதோஷம்கூட வரக்கூடாது. பதினொரு தொண்டையும் நன்றாக இருக்க வேண்டும். முடிந்தபின், கொன்றவர் பிடிபட்டபின், இன்னும் நாற்பது ஓணம் காண வேண்டும். அவசரமில்லை. ஆனால் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை எழுத்திலேயே தருகிறோம்.

இங்ஙனம்,
மாடியில் மிச்சமிருக்கும்
இருபத்திரண்டு பேர்