இருநூற்று இருபத்தைந்து

உங்கள் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. அளப்பது என் தொழில். கண் தானாக அங்கே போய்விடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். நாங்கள் கையாண்டது ஆக்டினியம். வெள்ளி போன்ற உலோகம். இருட்டில் இளநீலமாக மினுங்கும். உலகத்திலேயே அபூர்வம், எங்கள் பெட்டகத்தில் இருந்தது கடுகளவு. அதில் இரண்டு வகை. 225 பத்து நாளில் பாதியாகிவிடும், புற்றுநோய் மருந்துக்கு உதவும். 227 பாதியாக இருபத்திரண்டு வருடம் ஆகும். உடம்புக்குள் போனால் எலும்பில் குடியேறிவிடும், லேசில் காலி செய்யாது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எது எது என்று அளந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், எனக்கு ஆறு வருடம் கழித்து வேலைக்கு வந்தவர். சிபாரிசு செய்ததே நான்தான். எனக்கு வரவேண்டிய தலைமைப் பதவி அவருக்குப் போயிற்று. அதுகூடப் போகட்டும். சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "மச்சானுக்கு என்ன வேலை தெரியுமா? மீட்டர் முள்ளு ஆடுதா இல்லையான்னு பாத்துட்டே உக்காந்திருக்கணும். செவுத்துப் பல்லிகூடச் செய்யும்," என்பார். தங்கையும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு நாள் காலை, பெட்டகத்தை ஒழுங்குபடுத்தும்போது, பெயர்ச்சீட்டு ஒட்டாத குப்பி ஒன்று அவர் கையில் உடைந்தது. தூளை மூச்சோடு இழுத்துவிட்டார். மூக்கைத் துடைத்த பஞ்சை நான் அளந்தேன்.

"மச்சான், எதுன்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க."

அது 227.

"இருநூத்தி இருபத்தஞ்சுதான் மாப்ள. அதுவும் துளிதான். ரெண்டு மாசத்துல இருந்த இடம் தெரியாது," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவர் சட்டையத் தனியாத் துவைக்கணுமா?"

தனியாக என்றால் அவருக்குச் சந்தேகம் தட்டும். "எதுக்கும்மா? எல்லாத்தோடவும் சேத்துப் போடு," என்றேன். கைக்குழந்தையின் துணியும் அதில் இருக்கும். நான் அதை யோசிக்காமல் இல்லை.

உடனே சொல்லியிருந்தால், எலும்பில் சேருமுன் கொஞ்சமாவது வெளியேற்ற மருந்து உண்டு. நாற்பது நாள் அவரோடு எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தேன். "நல்லாத்தானே இருக்கேன் மச்சான்?" என்று தினமும் கேட்பார். "உங்களுக்கென்ன, கல்லுக்குண்டு," என்பேன்.

ஐந்தாம் மாதம் இறந்தார். மருத்துவமனை வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்ததில் எண் வெளியே வந்தது. ஆம், தெரிந்தேதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தங்கைக்கும் குழந்தைக்கும் இப்போது ரத்தம் ஏற்றுகிறார்களாம்.

ஆனால் உடன்பிறந்தவளைக் கைவிடுகிற அண்ணன் இல்லை நான். மாப்பிள்ளை படுத்த படுக்கையானதுமே என் வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். தாயும் பிள்ளையும் வந்து நிம்மதியாக இருக்கட்டும் என்று தொட்டில்கூட வாங்கிப் போட்டிருக்கிறேன்.