நாலு விரல் தள்ளி

எங்கள் வீட்டில் கத்தரிக்கோலைத் தேடி யாரும் அலைந்ததில்லை, டாக்டர். அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் அகப்படும். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவர்களைப் பார்த்தால், கூட்டலில் தப்புப் போட்டுவிட்டு வெட்கமில்லாமல் நிற்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்கு மறதி என்றால் கேட்கிறவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும்.

அந்த மறதி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். பரிசோதனை எல்லாம் செய்து பார்த்துவிட்டீர்கள், எதிலும் கோளாறு தெரியவில்லை. அதனால்தான் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, கூட இருக்கும் மூத்த மகனிடம் விசாரிக்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும். நேராகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் வீடு ஏரிக்கரையில் இருக்கிறது. கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. கப்பல் தச்சராக இருந்த கொள்ளுத்தாத்தா தன் கையால் செய்தது. அதற்குள் அவருடைய திசைகாட்டி, அப்பாவின் பெரியப்பா வைத்திருந்த வெள்ளிப் பொடி டப்பா, நீலக் கோடு போட்ட பீங்கான் கிண்ணம், ஒரு கண் கீறிப்போன தொலைநோக்கி, யாரோ ஒரு அத்தையின் தையல் பெட்டி. வெளியாள் பார்த்தால் காயலான் கடைக்குப் போடலாமே என்பான். எங்களுக்கு அதுதான் குடும்பம்.

கோடை விடுமுறையின் முதல் நாள் அந்த அலமாரியைக் காலி செய்வோம். கூடத்தில் ஒரு போர்வையை விரித்து எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுக்க வேண்டும். அது யாருடையது, வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிட்டு, பழைய இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். தப்பாக வைத்தவருக்கு விடுமுறை முழுவதும் மக்கு என்று பெயர். தம்பி அந்தப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் ஒரு தடவைகூடத் தப்பாக வைத்ததில்லை. "இவன் கண்ணு என்ன கண்ணா, கேமராவா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்பாள். படிப்பில் நான் சுமார். விளையாட்டில் என்னை எந்தக் கட்சியிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு நாள் மட்டும் நான்தான் ராஜா. பிறகு மத்தியானம் முழுக்க ஏரியில் கிடப்போம், ஈரத் துண்டுகளை ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டு வெறும் தரையில் தூங்கிப்போவோம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் அந்தக் கோடைகளைத்தான் சொல்வேன்.

அந்தக் கண்ணை வைத்துத்தான் பிழைக்கிறேன். நாடக அரங்கில் வேலை. மேடையில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைப்பது என் பொறுப்பு. மேசையில் தண்ணீர்க் குவளை, நாற்காலி முதுகில் துண்டு, மாடத்தில் விளக்கு. ஒரு தடவை மேசைவிரிப்பை மாற்றினார்கள், குவளை நாலு விரல் தள்ளிப் போய்விட்டது. நாடகத்தில் பெரியவராக நடிப்பவர் பேசிக்கொண்டே கை நீட்டினார். கையில் குவளை அகப்படவில்லை. அவ்வளவுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய வசனம் வரவில்லை, வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். திரை விழுந்த பிறகு நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. "வசனம் தலையில இல்லப்பா, கையில இருக்கு. நீ கையத் தட்டி விட்டுட்ட," என்றார்.

போன வருஷக் கோடையில் நான், தம்பி, தங்கை மூன்று பேரும் வீட்டில் கூடியிருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குழம்பை நகர்த்து என்று சொல்கிற அதே குரலில் அம்மா சொன்னாள், "இந்த வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்." பழைய டிராயிங் டீச்சர், அவளுடைய சிநேகிதி, இரண்டு அறை உள்ள ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறாராம். இருவரும் சேர்ந்து அங்கே இருக்கப்போகிறார்களாம்.

"படி ஏறி ஏறி முட்டி தேஞ்சுபோச்சு. இனிமே லிஃப்ட்ல போய்ட்டு லிஃப்ட்ல வரப்போறேன். அலமாரியில யாருக்கு எது வேணுமோ எடுத்துக்குங்க. மிச்சத்த வாசல்ல வச்சா யாராச்சும் எடுத்துட்டுப் போவாங்க."

தங்கை சிரித்துக்கொண்டே, "எனக்கு அந்தக் கிண்ணம். சாவி போட்டு வைக்கலாம்," என்றாள். தம்பி தனக்கு ஒன்றும் வேண்டாம், வைக்க இடமில்லை என்றான். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அம்மா தனியாக இருக்கும்போது, அதெல்லாம் நம் பரம்பரைச் சொத்து அல்லவா என்று கேட்டேன்.

"பரம்பரைன்னா நீங்க மூணு பேரும்தான்டா. இது மரமும் பித்தளையும்," என்றாள். "நீ இன்னும் அந்தப் போர்வை மேலயே உக்காந்துட்டிருக்க."

அவள் அதைக் கேலியாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

மறுநாள் நான் பொடி டப்பாவை நாலு விரல் தள்ளி வைத்தேன்.

அப்போது என் மனதில் திட்டம் எதுவும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இத்தனை வருஷம் துடைத்த பொருளை இப்படி உதறிவிட முடியுமா, கவனிக்கிறாளா பார்ப்போம் என்றுதான் வைத்தேன். கவனித்தாள். திருப்பி வைத்துவிட்டு, "நானா இப்படி வச்சேன்?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டாள். வேறு யாரையும் அவள் சந்தேகப்படவில்லை. எங்கள் வீட்டில் பொருள் இடம் மாறாது, மாறினால் அது வைத்தவரின் தப்பு. அந்தப் பாடத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

கோடையில் அரங்குக்கு விடுமுறை. தம்பியும் தங்கையும் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள், வீட்டை மூட்டை கட்ட உதவுகிறேன் என்று நான் தங்கிவிட்டேன். மூக்குக்கண்ணாடியை அரிசி டப்பாவில் ஒளித்துவைப்பது போன்ற மலிவான வேலை எதையும் நான் செய்யவில்லை. அப்படிச் செய்தால் யாரோ விளையாடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். எல்லாம் நாலு விரல்தான். உப்பு ஜாடி சர்க்கரை ஜாடி இருந்த பக்கம் போகும். படுக்கையறை விளக்கின் சுவிட்சைத் தேடும் கைக்குக் குறுக்கே நாற்காலி வரும். சுவர்க் கடிகாரத்தின் முள்ளைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன், டிராயிங் டீச்சர் ஃபிளாட் வாசலில் வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் போன் செய்தார். அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்தேன். சத்தியமாக அன்பாகத்தான் கொடுத்தேன், அதைச் சொல்லத்தான் இப்போது நாக்கு கூசுகிறது.

பொருளை நகர்த்தியது போதவில்லை. கதைகளையும் நகர்த்தினேன். திசைகாட்டி கொள்ளுத்தாத்தாவுடையது என்று அவள் சொன்னபோது, "இல்லம்மா, அது உங்கப்பா வழியில வந்தது," என்றேன். போனில் தங்கையிடம் கேட்டாள். தங்கைக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவன் கண் கேமரா அல்லவா? "ஆமாம்மா, நானும் அப்படித்தான் கேட்ட ஞாபகம்," என்றாள். அம்மா போனை வைத்துவிட்டுத் திசைகாட்டியைத் துடைத்து உள்ளே வைத்தாள்.

வீட்டை வாங்குகிறவர்கள் வருவதற்கு முதல் நாள் தம்பியும் தங்கையும் திரும்பி வந்தார்கள். அம்மா அன்று தெளிவாக இருந்தாள், பழையபடி தமாஷ் பண்ணிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தவுடன் தம்பியிடம், "மக்கு, உன்ன அதுலேர்ந்து தூக்கினவடா நான்," என்று ஆரம்பித்தாள்.

அது எங்களுக்கு மனப்பாடமான கதை. தம்பிக்கு நாலு வயது, படித்துறையில் வழுக்கி உள்ளே போய்விட்டான். கரையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த அம்மா, கொண்டையில் செருகிய சிவப்புப் பேனாவோடு அப்படியே குதித்தாள். அவளுக்கு நீச்சல் அரைகுறை. அவனை முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரைக் கக்கவைத்தாள். தங்கை அப்போது கைக்குழந்தை, வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார், இப்போது அவரும் இல்லை. நடந்ததை அறிந்தவர்கள் அம்மாவும் நானும்தான். தன் வாழ்க்கையில் அவளுக்கு இருந்த ஒரே பெருமை அது. தலைமையாசிரியை ஆனதைக்கூட அவள் இத்தனை தடவை சொல்லியதில்லை.

"அம்மா," என்றேன், மெதுவாகத்தான். "குதிச்சது அப்பா. நீ கரையில நின்னு கத்திட்டிருந்த."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் குதிக்கலையா?"

"இல்லம்மா."

"முடியப் பிடிச்சு இழுத்தேனே."

"அப்பாதாம்மா."

தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். தம்பி எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை வைத்து, "பரவாயில்லம்மா, யாரு தூக்கினா என்ன," என்றான். அந்த ஆறுதல்தான் அவளை உடைத்தது என்று நினைக்கிறேன். வீடு வாங்க வந்தவர்களை மறுநாள் வாசலோடு திருப்பி அனுப்பினோம். தானாக முடிவெடுக்கும் நிலையில் அம்மா இல்லை என்று மூவரும் பேசி வைத்துக்கொண்டோம். உங்களுக்கு முன்னால் பார்த்த டாக்டர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். டிராயிங் டீச்சர் கொஞ்ச நாள் வந்து பார்த்தார். அம்மா அவரிடம், "யாராச்சும் நல்ல துணையா பார்த்துக்கோ, நான் உனக்குப் பாரம்," என்று சொல்லிவிட்டாள். அவர் இப்போது வேறு யாருடனோ அந்த ஃபிளாட்டில் இருக்கிறார்.

வீடு இருக்கிறது. அலமாரி இருக்கிறது. நான் அம்மாவோடு அங்கேயே குடியேறிவிட்டேன். நான் வெளியே போகும்போது அவள் அடுப்புப் பக்கம் போகாமலிருக்கச் சமையலறையைப் பூட்டிவிட்டுப் போவேன். ஊரில் எல்லோரும் என்னை மெச்சிக்கொள்கிறார்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வேன். அடக்கம் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர்.

இந்தக் கோடையின் முதல் நாள் போர்வையை விரித்தேன். எல்லாவற்றையும் இறக்கிவைத்து, அம்மாவை அழைத்துவந்து உட்காரவைத்தேன். அவள் எதையும் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். "எனக்கு எதுவும் தெரியாதுப்பா. நீயே சொல்லு, நான் கேட்டுக்கறேன்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. நான் காப்பாற்ற நினைத்த கோடையில் நடுவில் உட்கார்ந்திருந்தவளே அவள்தான், அவளைத்தான் நான் காலி செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, தம்பியத் தூக்கினது நீதான். நீதாம்மா குதிச்ச. உன் கொண்டையில சிவப்புப் பேனா இருந்துச்சு. நான் பார்த்தேன்."

அவள் சிரித்தாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்ற. நல்ல பிள்ளடா நீ."

எல்லாவற்றையும் நானே திருப்பி அலமாரியில் வைத்தேன். வேறு டாக்டரிடம் காட்டலாம் என்று உங்களிடம் அழைத்துவந்தேன். நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று தெரிந்துதான் வந்தேனோ, கண்டுபிடிக்காமல் புதிதாக ஏதாவது மாத்திரை கொடுப்பீர்கள் என்று வந்தேனோ, எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான், டாக்டர். அம்மாவுக்கு மறதி வரவில்லை. ஒரு நாளும் வந்ததில்லை. நான்தான் அவளை அப்படி ஆக்கினேன்.

அவளை உள்ளே அழைத்து என் வாயாலேயே சொல்லவேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான், சொல்கிறேன். தம்பிக்கும் தங்கைக்கும் தெரிய வேண்டியதுதான். நர்ஸை அனுப்ப வேண்டாம், நானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறேன். தனியாக வரச் சொன்னால், பாவம், எந்தக் கதவு என்று தெரியாமல் நின்றுவிடுவாள்.