பெடலில் பழுதில்லை

வெயில் காலத்தில் தண்ணீர்க் கேன் போடுகிறவனுக்கு உட்கார நேரம் இருக்காது. காலையில் காதில் வைக்கிற போனை சார்ஜ் தீரும்போதுதான் கீழே வைப்பேன். நீங்கள் கூப்பிட்டபோது எடுக்காததற்கு அதுதான் காரணம், ஐயா. ஓடி ஒளிந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன்.

என் பெயர் சம்பத். சொந்த ஊரே திருவேற்காடுதான். அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதற்கும் நான்தான் தண்ணீர் போடுகிறேன். நிலம் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நெல்லைவிடத் தண்ணீர் நல்ல வியாபாரம். ஒரு சின்ன பிக்கப் வண்டி, ஒரு டிரைவர், நான். கம்பெனி என்றால் அவ்வளவுதான்.

டிரைவர் டில்லிபாபு. வேப்பம்பட்டிலிருந்து ஆவடி வரை ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இப்படித்தான் தினமும் வருவான். குடிப்பழக்கம் கிடையாது. முழுக் கேனைத் தரையில் வைத்தாலும் சத்தம் வராது. வாடிக்கையாளர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவான். அவனைப் பற்றிக் குறையாக நான் எங்கேயும் சொன்னதில்லை. உங்கள் ஸ்டேஷனில் முதலில் கொடுத்த வாக்குமூலத்தில்கூட, நல்ல பையன், அன்றைக்கு என்னவோ பதறிவிட்டான் என்றுதான் சொன்னேன்.

பெடல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன கோடையில் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சொன்னான். "அண்ணாத்தே, ஆக்சிலேட்டரு மாட்டிக்குது. கால எட்த்தாலும் பெடலு மேல வர மாட்டேங்குது. வண்டி அதுபாட்டுக்குப் பாயுது."

நானே ஓட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். உடனே பூந்தமல்லியில் பச்சையப்பனின் ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப் போனேன். அலட்சியமாக இருந்ததாக என் மேல் உங்களிடம் கொடுத்த மனுவில் எழுதியிருக்கிறார்களாம். அலட்சியமாக இருக்கிறவன் மெக்கானிக்கிடம் போவானா?

பச்சையப்பன் சீட்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "கேபிளு உள்ள கம்பி பிசிறு வுட்டுகீது சம்பத்து. அது ஒறையில போய் மாட்டிக்குது. எண்ண வுட்டா வேலைக்காவாது, கேபிளயே மாத்தணும். வண்டிய வுட்டுட்டுப் போ, சாயங்காலமா எட்த்துக்கோ" என்றார்.

சாயங்காலம் வரை வண்டி நின்றால் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் போகாது. மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் பொறுமைசாலிகள் என்று நினைக்காதீர்கள். ஒரு வேளை கேன் வரவில்லையென்றால் அடுத்த வேளை வேறு ஆள் போனை எடுப்பான். அதனால் கேபிளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். வேலை குறைந்த நாளில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு. மாட்ட எனக்கே தெரியும். கேபிள் என் கடை மேஜை இழுப்பறையில், பாக்கெட் பிரிக்காமல் இருந்தது.

வேலை குறைந்த நாள் வரவில்லை. அது என் குற்றம் இல்லை, கோடையின் குற்றம்.

அதற்காக டில்லிபாபுவை அப்படியே விட்டுவிடவும் இல்லை. பெடலுக்கு அடியில் கால் கட்டை விரலை நுழைத்து மேலே ஒரு தட்டு தட்டினால் பெடல் வந்துவிடும். அதை நானே கண்டுபிடித்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடை வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துப் பழக்கினேன். செருப்போடு ஓட்டினால் விரல் நுழையாது என்பதால் வெறுங்காலோடு ஓட்டச் சொன்னேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டான்.

ஒரு நாள் அவன் மனைவி ஷோபனா எங்களோடு வண்டியில் வந்தாள், கோயிலுக்குப் போவதற்கு. அவன் காலைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, காலாலயே பல்லாங்குழி ஆட்ற?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை அவள் ஞாபகம் வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

அவ்வப்போது டில்லிபாபு கேட்பான். "எப்ப மாத்தறது அண்ணாத்தே?"

"வர்ற ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்டா."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அன்றைக்குத்தான் அதிகக் கேன் போகும்.

விபத்து நடந்தது ஒரு திங்கட்கிழமை காலை. லோடு நிறைய இருந்தது. கூவம் பாலத்தில் இறங்கும்போது பெடல் மாட்டிக்கொண்டது. கீழே குடியிருப்பின் கேட் பக்கத்தில் கிருஷ்ணப்பிரியா என்கிற பெண் ஆபீஸ் வண்டிக்காக நின்றிருந்தார். அவரும் எங்கள் வாடிக்கையாளர்தான், மூன்றாவது மாடி. காலிக் கேனைக் கழுவி, மறக்காமல் வாசலில் எடுத்து வைப்பார். அப்படி வைக்கிறவர்கள் குறைவு. வண்டி அவரை இடித்து, கேட் தூணில் மோதி நின்றது. அங்கேயே முடிந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

எனக்கு முதலில் வந்த போன் அதே குடியிருப்பின் முதல் மாடியிலிருந்து. தண்ணீர் இன்னும் வரவில்லையே என்றார். வந்துகொண்டிருக்கிறது சார் என்றேன். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது டில்லிபாபு ரோட்டில் உட்கார்ந்திருந்தான். ஜனங்கள் அடித்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"பெடலு அண்ணாத்தே. வெரல நொழைச்சேன். வரல. பிரேக்கு மேலயே ஏறி நின்னேன் அண்ணாத்தே, நிக்கல."

"யார்கிட்டயும் எதுவும் பேசாத. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன்.

வண்டியை ஸ்டேஷன் காம்பவுண்டு சுவர் ஓரம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மறுநாள் வண்டியைப் பரிசோதிக்க அதிகாரி வருவார் என்று சொன்னார்கள். பெடலில் பழுது, முதலாளிக்கு முன்பே தெரியும் என்று வந்தால் வழக்கில் முதல் பெயர் என்னுடையது. நான் உள்ளே போய்விட்டால் என் குடும்பத்தை விடுங்கள், டில்லிபாபுவின் குடும்பத்தை யார் பார்ப்பது? நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்தேன். யாராவது ஒருவர் வெளியே இருந்தாக வேண்டும்.

மதியம் போய், உடையாத கேன்களை இறக்கிக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டேன். நல்ல வெயில். ஸ்டேஷனுக்கே சில கேன்களைத் தூக்கி வந்து கொடுத்தேன். காவலர்கள் அதைக் குடித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் வண்டியில் ஏறினேன். இழுப்பறையிலிருந்த கேபிள் என் சட்டைக்குள் இருந்தது.

எங்கள் வண்டியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில். முகப்பு நசுங்கியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பெடல் பக்கம் ஒரு கொக்கி, இன்ஜின் பக்கம் ஒரு நட்டு. பழைய கேபிளை உருவினேன், புதியதைக் கோத்தேன். பழைய வண்டியில் புதுக் கேபிள் பளபளத்தால் பொருத்தமாக இருக்காது என்று அதன் மேல் கொஞ்சம் கிரீஸும் மண்ணும் தடவினேன். பெடலைக் கையால் அழுத்தி விட்டுப் பார்த்தேன். பூப்போல மேலே வந்தது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரை நாள் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தது தப்பு. அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பழைய கேபிளை நான் ஒளிக்கவில்லை. என் தண்ணீர் மோட்டார் கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அந்தக் கேபிளால்தான் கட்டி வைத்திருக்கிறேன். ஆளை அனுப்பினால் அவிழ்த்து எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் அதிகாரி வந்தார். பெடலை மிதித்தார், விட்டார், திரும்ப மிதித்தார். இயந்திரக் கோளாறு ஏதும் இல்லை என்று எழுதினார். அவர் மேல் தப்பே கிடையாது. அவர் பார்த்தபோது கோளாறு இல்லை.

டில்லிபாபுவைச் சிறைக்குப் போய்ப் பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு முதலில் கேட்டதே அதைத்தான்.

"பெடல பாத்தாங்களா அண்ணாத்தே?"

"பாத்தாங்க பாபு. நல்லாத்தான் கீதாம்."

"எப்டி அண்ணாத்தே? மாட்டிக்கிச்சே. நான் பிரேக்குதான புடிச்சேன்?"

"பதட்டத்துல கால் மாறி வெச்சிட்டிருப்ப. பிரேக்குன்னு நெனச்சி ஆக்சிலேட்டர மிதிச்சிருப்ப. பெரிய பெரிய டிரைவருக்கே நடக்கறதுதான். நீ வேணும்னேவா செஞ்ச?"

அன்றைக்கு அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை போனபோது யோசித்தான். அதற்கடுத்த முறை அவனே சொன்னான், "நீ சொன்னது கரெக்டு அண்ணாத்தே. கண்ண மூடினா இப்ப அப்டித்தான் தெரியுது. என் காலுதான் மாறிச்சு." நான் வற்புறுத்தவில்லை, ஐயா. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒத்துக்கொண்ட பிறகு அவனுக்குச் சாப்பாடு இறங்கியது.

ஜாமீனில் எடுத்ததும் நான்தான். வெளியே வந்ததும் நேராக கிருஷ்ணப்பிரியாவின் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறான். "என் காலுதான் சார் உங்க பொண்ணக் கொன்னுது" என்று வாசலில் நின்று சொன்னானாம். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். வண்டி ஓட்ட மறுத்துவிட்டான். வண்டியை ஸ்டேஷனிலிருந்து திருப்பி வாங்கி, முகப்பைச் சரி செய்து, வேறு டிரைவர் போட்டேன். ஷோபனா அழுதுகொண்டே போன் செய்வாள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் தரையை மிதித்து மிதித்து எடுக்கிறான் என்றாள். காலைப் பார்த்துத் திட்டுகிறான் என்றாள். டாக்டரிடம் காட்டு என்றேன்.

ஒரு நாள் காலையில் வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்து ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். வலது காலை மட்டும் தண்டவாளத்தின் மேல் நீட்டி வைத்திருக்கிறான். உயிரை எடுத்துக்கொள்ளும் நோக்கம் இல்லை என்று டாக்டர்களிடம் தெளிவாகச் சொன்னானாம். கால் மட்டும் போதும் என்றானாம். முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பிழைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கடையில் உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுக்கிற வேலை இருக்கிறது, அதற்குக் கால் தேவையில்லை என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஷோபனா பக்கத்தில்தான் நின்றாள்.

போன வாரம் அவள் கடைக்கு வந்தாள். நான் இல்லை. புது டிரைவரிடம் பெடல் மாட்டுகிறதா என்று கேட்டிருக்கிறாள். அவனுக்கு என்ன தெரியும்? "சூப்பரா கீதுக்கா, புதுக் கேபிளு மாரி வழுக்கினு போவுது" என்று சொல்லியிருக்கிறான். அங்கிருந்து பூந்தமல்லிக்குப் போய்ப் பச்சையப்பனைக் கேட்டிருக்கிறாள். தான் மாற்றவில்லை, சம்பத்து கேபிளை மட்டும் வாங்கிப் போனான் என்றிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"யார்ண்ணா மாத்துனது? எப்ப மாத்துனது?"

பதில் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பேசி முடிப்பதற்குள் போய்விட்டாள். மனு எழுதி உங்களிடம் கொடுத்துவிட்டாள்.

எனவே எழுதிக்கொள்ளுங்கள். பெடல் மாட்டுவது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவனை ஓட்டச் சொன்னேன். அந்தப் பெண் இறந்த பிறகு கேபிளை மாற்றியது நான். அவன் காலைக் குற்றம் சொல்லி அவனையே நம்ப வைத்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெடலில் பழுது இருக்கிறதா என்று கேட்டார்களே தவிர, அதை யார் சரி செய்தது என்று ஷோபனாவைத் தவிர யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை டில்லிபாபுவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தப்பு செய்த கால் போய்விட்டது என்று இப்போதுதான் இரவில் தூங்குகிறான். அந்தக் கால் ஒரு தப்பும் செய்யவில்லை என்று தெரிந்தால் என்ன ஆவான், சொல்லுங்கள். ஷோபனாவுக்குக் கோபம், உங்களுக்கு வழக்கு. அவனைப் பற்றிக் கவலைப்பட நான் ஒருவன்தானே இருக்கிறேன்.