மாத்துறதுக்குள்ள

வேணாங்க அசரத்தய்யா, மூட்டைய எறக்கல. கையிலயே இருக்கட்டும், கனமே இல்ல. தண்ணியும் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன்.

என்னையத் தெரியலீங்களா? வைரக்கண்ணு. வாய்க்காலுக்கு அந்தாண்ட, தெக்குத்தெரு. உங்க மீலாது கூட்டத்துக்குக் கீத்துப் பந்தல் போட்டேனே. அன்னைக்குக் கூத்தாநல்லூரே கூடியிருந்துச்சு, நானும் ஓரமா குந்தி நீங்க பேசுனதக் கேட்டேன். பொறக்குற புள்ள அத்தனையும் ஒரே சுத்தமான கொணத்தோடதான் பொறக்குது, படைச்சவன யாரும் சொல்லிக்குடுக்காமலே அதுக்குத் தெரியும், பெத்தவங்கதான் பொறவு மாத்திப்புடுறாங்கன்னீங்க. பித்ரத்துன்னு அதுக்கு ஒரு பேரு சொன்னீங்க. சரிதானுங்களே?

அத்தனை புள்ளையும்னா, எங்க தெருப் புள்ளையும் சேத்துத்தானே?

அய்யோ, இல்லீங்க, நான் மார்க்கத்துல சேர வரல. நான் எப்பவோ மாறிப்போனவன். மிராசுதாரக் கண்டா தோள்ல கெடக்குற துண்டு தானா இடுப்புக்கு எறங்குது. அது பொறவியிலயே வந்த கொணம்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன். எங்கப்பன் சொல்லிக்குடுத்ததுன்னு நீங்க பேசுன அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அவரேதாங்க. கூலி ஒசத்திக் கேட்டு நாங்க கொடி நட்டதும், சுடுகாட்டுக்குப் போற பாதைய உழுது நாத்து நட்டுட்டாரு. ஒங்க பொணம் என் வயல்ல எறங்கப்படாதுங்கறாரு. போலீசும் அவரு பக்கம். ஆட்சி மாறுனப்ப எல்லாமே மாறும்னு தப்பு அடிச்சு ஆடுனோம் பாருங்க, ஒண்ணும் மாறல.

சரி, விசயத்துக்கு வரேன். மாத்துறதுக்குள்ள ஒரு புள்ள செத்துப்போனா, அது யாரு புள்ளைங்க? பேரு வைக்கல. துண்ணூறு பூசல. என்னா சாதின்னு அது காதுல விழல. நாங்க ஒண்ணுமே மாத்தலீங்க. உங்க ஆளுங்களப் பொதைக்கிற மையவாடியில ஒரு மூலையில எடம் குடுத்தா...

கத்துச்சான்னா கேக்குறீங்க? கத்துச்சுங்க, ஒரே ஒரு தடவ. யாரும் சொல்லிக்குடுக்காத கத்தல். எம் பொண்டாட்டி செவ்வந்தி அதக்கூடக் கேக்கல, மயக்கமா கெடந்தா.

ஜமாத்தக் கேக்கணுங்களா. கேளுங்க. பெரியவங்க எல்லாம் மிராசுதாருகிட்ட நெல்லு வாங்குறவங்கதானே, என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியும். உங்க மேல கோவமில்லீங்க. அவரு பேர எடுத்ததும் நீங்க தலையக் குனிஞ்சப்பவே தெரிஞ்சுபோச்சு, உங்களுக்கும் யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க.

அட, தள்ளிப் போவாதீங்க. மூட்டையில வேற ஒண்ணும் இல்ல. காலையில பொறந்ததுங்க. அவ சீலையில சுத்தி எடுத்தாந்தேன். சும்மா கையில வாங்கித்தான் பாருங்களேன். கனமே இல்ல.